அந்தரத்தில் ஏழு பேர்

எங்கள் ஊரில் வீடு கீழே, சுரங்கம் மேலே.
நடுவில் ஒரு கம்பி,
கம்பியில் ஓர் இரும்புப் பெட்டி,
பெட்டிக்குள் லம்ஸீரா, அம்மாவைப் பெற்றவள்.

பெபியா என்று கூப்பிட்டால்
வேலை நேரத்தில் திரும்ப மாட்டாள்.
நடத்துநர் என்று கூப்பிட வேண்டும்,
நானும் தம்பி கோச்சாவும்கூட.
டிக்கெட்டும் எடுக்க வேண்டும்.
காலையில் அவளே காசு கொடுத்திருப்பாள்,
அவளே அதை வாங்கிக்கொண்டு
சீட்டைக் கிழித்து நீட்டுவாள்,
எங்களை முன்பின் பார்த்திராதவள் போல.

மாங்கனீசுத் தூசி படியாத ஒரே பொருள்
அந்தப் பள்ளத்தாக்கில் அவளுடைய உதட்டுச் சாயம்.
கறுத்த ஆற்றுக்கு மேலே
அந்தச் சிவப்பு ஏறிப் போவதைப்
பள்ளிக்கூட ஜன்னலிலிருந்து பார்ப்பேன் என்பான் கோச்சா.
பொய். அவ்வளவு தூரத்துக்கு உதடு தெரியாது.
ஆனால் நானும் பார்த்திருக்கிறேன்.

தொண்ணூற்று நான்கு, பிப்ரவரி.
மின்சாரம் வெறும் வதந்தியாக இருந்த குளிர்காலம்.
நட்டநடுவில் பெட்டி நின்றுவிட்டது.
சுரங்கக்காரர் இருவர்,
கோழியோடு எலிகோ அம்மாள்,
பெண் கேட்கப் போகிறவன் ஒருவன், மடியில் கேக்,
நாங்கள் இருவர்,
அவள்.

காற்று ஒரு தள்ளு தள்ளியது.
கோழி முதலில் அழுதது, பிறகு கோச்சா.
அவள் வாளியைக் கவிழ்த்தாள், வாளி மேசையானது.
வாளி பிற்பாடு வேறொன்றாகவும் ஆனது,
அதைப் பற்றி எலிகோ அம்மாள் இருக்கும்வரை
மூச்சு விடக்கூடாது என்று ஏழு பேரும் சத்தியம் செய்தோம்.
போன வருடம்தான் காலமானார்.

சீட்டுக்கட்டு எடுத்தாள். பந்தயம் அக்ரூட் கொட்டை.
ஒரு ராணியைக் காலணிக்குள் செருகியதை
நான் பார்த்துவிட்டேன்.
நான் பார்த்ததை அவள் பார்த்துவிட்டாள்.
ஒரு கொட்டை மெதுவாக என் பக்கம் உருண்டு வந்தது.
என் முதல் லஞ்சம்.
உடைத்தால் உள்ளே சொத்தை.

மூன்றாவது மணி நேரத்தில்
கேக்கைப் பறிமுதல் செய்தாள்.
பையன் கெஞ்சினான்.
"அந்தரத்தில் ஏழு பேர் வாழ்த்தினார்கள் என்று சொல்,
அதற்கும் மேல் கேக் கேட்கிற பெண் உனக்கு வேண்டாம்."
தீக்குச்சி வெளிச்சத்தில் இரும்பு அளவுகோலால் வெட்டினாள்,
கோழிக்கும் ஒரு பங்கு வைத்து.

விளக்கு வந்ததும் எழுந்து பாவாடையைத் தட்டிக்கொண்டாள்.
"டிக்கெட்டைத் தொலைத்துவிடாதீர்கள்,
மேலே பரிசோதனை இருக்கும்."
மேலே யாருமே இல்லை.

குத்தாயிசியில், அவள் நினைவுக்கு வைத்த விருந்தில்
மூன்றாவது கோப்பைக்குப் பிறகு அம்மா சொன்னாள்:
உயரம் என்றால் அவளுக்கு உயிர் போய்விடும்.
திரைச்சீலை மாட்ட முக்காலியில்கூட ஏறியதில்லை.

கோச்சா முள்கரண்டியைக் கீழே வைத்தான்.

இருபத்தாறு வருடம்
ஜன்னலுக்கு முதுகு காட்டி நின்றவள்.
எங்களைப் பார்க்கத்தான் என்று இருந்தோம்.
கழுத்துப்பட்டியை இறுக்கிப் பிடிப்பாளே,
என் கோட்டுப் பொத்தான் இரண்டு அதில்தான் போனது,
நாங்கள் விழாமலிருக்க என்று இருந்தோம்.
"அப்படியானால் நாமா அவளைப்
பிடித்துக்கொண்டிருந்தோம்?" என்றான்.
எனக்குத் தெரியவில்லை.
சம்பளத்துக்காக ஏறினாள் என்றாள் அம்மா.
வேறு என்ன வேலை இருந்தது அங்கே.

இப்போது பெட்டிகள் முழுக்கக் கண்ணாடி,
நடத்துநர் கிடையாது, கதவு தானாக மூடிக்கொள்கிறது.
போன வாரம் ஏறி
பள்ளத்தாக்குக்கு முதுகு காட்டி நின்றேன்,
அவள் என்ன பார்த்தாள் என்று பார்க்க.

தொலைபேசியில் குனிந்த ஒருவன்.
சாயம் வெளுத்து நரை தெரியும் ஒருத்தி.
பையில் வெங்காயம்.
யாரும் யாரையும் பார்க்கவில்லை,
நான் பார்ப்பது அவர்களுக்கு உறுத்தியது.
ஒரு சிறுமி மட்டும் என்னை முறைத்து
நாக்கை நீட்டினாள்.

விரலால் உதட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்,
சாயம் கலைந்திருக்கிறதா என்று.